பன்னிரண்டாவது பெட்டி

சொக்கநாதனுக்கு அந்த வருடம் பெட்டி கட்டுகிற வேலையைவிடப் பெட்டி பிரிக்கிற வேலைதான் அதிகம். சைகோனில் கடை வைத்திருந்த காரைக்கால்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டின் வடக்கே சண்டை. இன்றைக்கோ நாளைக்கோ தெற்கேயும் வந்துவிடும் என்று பேச்சு. தோணியில் வந்து இறங்கும் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய், ஆணி பிடுங்கி, உமியைக் கொட்டி, உள்ளே இருக்கும் பீங்கானை உடையாமல் எடுத்துக் கொடுப்பதே அவர் பிழைப்பாகிவிட்டது. அதனால் 1953ஆம் வருடம் தை மாதம், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருக்கும் ஆஸியா பீவியின் வீட்டிலிருந்து வேலைக்காரி பவுனம்மாள் வந்து, பன்னிரண்டு பெட்டி கட்ட வேண்டும் என்று சொன்னபோது அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சைகோன்லேருந்து வந்த பெட்டியா?"

"இல்ல. சைகோனுக்குப் போற பெட்டி."

"எல்லாரும் அங்கேருந்து ஓடியாராங்க. இவங்க மட்டும் எங்க போறாங்க?"

"புருசங்கிட்ட" என்றாள் பவுனம்மாள். "வேற எங்க போவாங்க."

அவர் கேட்டதில் தவறில்லை. அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுடையது. கல்யாணத்தின்போதே பெண் பேரில் வீட்டை எழுதி வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். வாழ்வது என்பதும் பேச்சுக்குத்தான். மூன்று வருடம் சபுறு என்கிற கடல்கடந்த பிழைப்பு, ஆறு மாதம் ஊர் என்று ஆண்கள் கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக இருப்பார்கள். பெண்கள் இருந்த இடத்தில் இருப்பார்கள். தன் வீட்டைப் பூட்டிச் சாவியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுப் புருஷன் இருக்கும் ஊருக்குப் போன பெண் என்று அந்தத் தெருவில் அதுவரை யாரும் இல்லை. ஆஸியா பீவிதான் முதல் ஆள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் கணவர் காஜா மைதீன் கப்பல் ஏறி ஏழு வருடம் ஆகியிருந்தது.

சொக்கநாதன் மறுநாளே மாம்பலகைகளோடும் நான்கு மூட்டை உமியோடும் வந்துவிட்டார். கூடத்தின் நடுவே ஒரு பச்சைத் திரையைக் கட்டினார்கள். திரைக்கு அந்தப்பக்கம் ஆஸியா பீவியும் பக்கத்து வீட்டிலிருக்கும் தங்கை மெஹர் பானுவும். இந்தப்பக்கம் சொக்கநாதனும் பெட்டிகளும். திரைக்கு அடியில் ஒரு முழம் இடைவெளி. சாமான்கள் அந்த வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டு வரும். கோஷா வீடுகளில் பெட்டி கட்டுவது இப்படித்தான். கட்டுகிறவருக்கு வீட்டுக்காரியின் குரல் தெரியும், கை தெரியும், முகம் தெரியாது.

"தாயி, இது என்னங்க?"

"அம்மி."

"அம்மின்னு தெரியுதுங்க. இதையுமா கப்பல்ல ஏத்தணும்? அந்த ஊர்ல கல்லே கெடையாதுங்களா?"

"கல்லு இக்கிதாம். அதுல அரைச்சா சாப்பாடு தொண்டையில எறங்க மாட்டேங்குதுன்னு எழுதியிருக்காஹ."

"ஏழு வருசமா எப்படி எறங்குச்சாம்?" என்று மெஹர் பானு கேட்டாள். திரைக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு.

என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று காஜா மைதீன் எழுதியிருந்த கடிதம் ஆஸியா பீவியின் மடியில் இருந்தது. சோறாக்கும் தேக்சா இரண்டு, நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டு நான்கு, பன்னீர்ச்செம்பு, அம்மி, ஊஞ்சல் பலகை, மாசிக் கருவாடு ஒரு டின். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது, அது யாருடையது என்று கப்பல் ஏஜெண்டுக்கு மூன்று படி எழுதித் தர வேண்டும் என்றும், அதன்படி பதினோரு பெட்டி வீட்டுக்கு என்றும் விவரமாக எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி இது: 'பன்னிரண்டாவது பெட்டி நபீசாவுக்கு. அவள் சாமானை நம் சாமானோடு கலக்க வேண்டாம். அவளே திறக்கட்டும்.'

நபீசா அவர்களுடைய மகள். காஜா மைதீன் கப்பல் ஏறியபோது ஆஸியா பீவி ஐந்து மாதம். பிள்ளை பிறந்ததும் கணவரின் பெரியப்பா மகன், அவர் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் முறையான முகம்மது இப்ராஹிம்தான் மேரிக்குப் போனார். மேரி என்றால் நகராட்சி அலுவலகம். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, பேரும் அவர்கள் வைத்தது. அங்கே பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார். முப்பத்தெட்டாம் நாள், நாற்பது குளிப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, காய்ச்சல் கண்டு பிள்ளை மௌத்தாகிவிட்டது. தூக்கிக்கொண்டு போனதும் அதே இப்ராஹிம்தான். அந்தச் சாவைப் பதிய யாரும் மேரிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

அன்றைக்கு ஆஸியா பீவியின் தாயார் உயிரோடு இருந்தார். "சபுறுல இக்கிறவருக்கு மௌத்துச் சேதி எழுதக் கூடாது" என்று அவர் சொல்லிவிட்டார். அது அந்த ஊர் வழக்கம். கடலுக்கு அந்தப்பக்கம் தனியாக இருக்கிறவன் சேதியைப் படித்துவிட்டு யார் தோளில் சாய்ந்து அழுவான்? வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, நாலு பேர் கூடி உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். தாய் தகப்பன் செத்ததையே மூன்று வருடம் கழித்துக் கேட்டவர்கள் அந்தத் தெருவில் உண்டு.

காஜா மைதீன் மூன்று வருடத்தில் வருவதாக இருந்தது. வரவில்லை. சண்டை, பிறகு கூட்டாளியின் சாவு, பிறகு கடையை யாரிடமும் விட முடியாத நிலை. ஆஸியா பீவி 'பிள்ளை சுகம்' என்று முதலில் எழுதினாள். எல்லோரும் எழுதுவது அது. அடுத்த கடிதத்தில் அவர் கேட்டார்: தவழ்கிறாளா? அவள் 'தவழ்கிறாள்' என்று எழுதினாள். அதற்கு அடுத்ததில் பல் முளைத்தது. பிறகு நபீசா நடந்தாள், விழுந்தாள், நெற்றியில் தழும்பானது, மீன் முள்ளைத் தானே எடுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். ஆஸியா பீவிக்கு அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் நல்ல கையெழுத்து. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் எழுதும் அந்த ஒரு மணிநேரம், அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். தாயார் இறந்த பிறகு, எழுதாதே என்று சொல்லவும் ஆள் இல்லை. எழுது என்று சொன்னவரும் இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை, ஊருக்கு வருகிற யாரிடமாவது காஜா மைதீன் மகளுக்குச் செருப்பு கொடுத்தனுப்புவார். சைகோன் தோல், வார் வைத்தது. அதற்காக ஒவ்வொரு வருடமும் 'காலை வரைந்து அனுப்பு' என்று கேட்பார். முதல் தடவை ஆஸியா பீவி வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மூடி, சுண்டுவிரல் பக்கமாகத் தாளில் வைத்து, சுற்றி அழியாத காப்பிப் பென்சிலை ஓட்டினாள். குழந்தையின் பாதம் போலவே இருந்தது, விரல்கள் மட்டும் இல்லாமல். அடுத்தடுத்த வருடங்களில் அதையே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக வரைந்தாள். ஆறு ஜோடி வந்தது. ஆறையும் வந்த காகிதத்தோடே மாடியிலிருந்த தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இப்போது அவர் கூப்பிட்டுவிட்டார். இருவருக்கும் அங்கேயே பிரயாணக் காகிதம் எடுத்தாகிவிட்டது, மனைவிக்கும் மகளுக்கும். கப்பலில் ஒரு முழுச் சீட்டும் ஒரு அரைச் சீட்டும். நபீசாவைப் பள்ளிக்கூடத்தில் பதிந்திருக்கிறார். அவள் உயரத்துக்குக் கட்டில் செய்திருக்கிறார். துறைமுகத்தில் அவர் வந்து நிற்பார். ஆஸியா பீவி இறங்குவாள். அவர் கண் அவளைத் தாண்டிப் பின்னால் தேடும். அந்த இடத்துக்கு மேல் ஆஸியா பீவியால் யோசிக்க முடியவில்லை. முன்கூட்டியே எழுதிவிடலாம். எழுதினால், வராதே என்று பதில் வரலாம். ஏழு வருடம் செத்த பிள்ளையை வைத்து ஏமாற்றியவளை எந்தப் புருஷன் கூப்பிட்டுக்கொள்வான்?

நான்காம் நாள் காலையில் தகரப் பெட்டி மாடியிலிருந்து இறங்கியது. ஆஸியா பீவி சாவியைத் திரைக்கு அடியில் தள்ளினாள். சொக்கநாதன் திறந்தார்.

"தாயி, இந்தச் செருப்புலாம் தேஞ்சுபோயி கெடக்குதே. இதையுமா வைக்கணும்?"

"புதுசுதான். நல்லாப் பாருங்க."

பதிலுக்கு ஒரு ஜோடி திரைக்கு அடியில் வந்தது. பிறகு இன்னொன்று. ஐந்து ஜோடிகள், சின்னதிலிருந்து பெரிதாக வரிசையாக வந்து நின்றன. அடித்தோல் தேய்ந்து, வார் ஓட்டைகள் இழுபட்டு, குதிகால் பதிந்த இடம் பளபளத்தது. ஒன்றைக் கவிழ்த்தாள், மணல் கொட்டியது. ஐந்திலும் இடது செருப்பில், சுண்டுவிரல் வரும் இடத்தில், தோல் வெளியே புடைத்திருந்தது.

அந்தப் புடைப்பை அவள் அறிவாள். காஜா மைதீனின் இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தச் செருப்பு வாங்கினாலும் ஒரே மாதத்தில் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது, அதே காலில் அதே விரல் ஏறி இருந்ததைப் பார்த்துத் தாயாரும் அவளும் சிரித்திருக்கிறார்கள். வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஆறாவது ஜோடி மட்டும் காகிதம் பிரிக்காமல் இருந்தது. அது அந்த மார்கழியில்தான் வந்திருந்தது.

பவுனம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள். எந்தப் பிள்ளைக்காவது போட்டுவிட்டாயா என்று.

"சாவி ஒங்க இடுப்புல கெடக்கு. நான் எதை வச்சும்மா தொறப்பேன்?" பவுனம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மேட்டுல செருப்புப் போட்ட புள்ள ஒன்னை நீங்க காட்டுங்க பாப்போம்."

பவுனம்மாளின் ஊரான காரைக்கால்மேட்டில் பிள்ளைகள் செருப்புப் போடாதது உண்மைதான். ஆஸியா பீவி செருப்புகளைத் திரைக்கு அடியில் திருப்பித் தள்ளினாள். எல்லாவற்றையும் பெட்டியில் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அவள் திரும்பி வந்தபோது, கூடம் வெயிலில் காய்ந்த பலகை வாசனையோடு அமைதியாக இருந்தது. மெஹர் பானு அன்றைக்கு வரவில்லை. பவுனம்மாள் துறைக்குப் போயிருந்தாள். திரைக்கு அந்தப்பக்கம் சொக்கநாதன் தார் தொட்டுப் பெட்டிகளின்மேல் எண் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாப்பா ரொம்ப சூட்டிகைங்க" என்றார்.

"எந்தப் பாப்பா?"

"நம்ம பாப்பாதாங்க. நீங்க தொழுவப் போயிருந்தப்ப தெரைக்கு அந்தண்ட நின்னுக்கிட்டு, இது யாரு பெட்டி, அது யாரு பெட்டின்னு ஓயாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பன்னெண்டாவது ஒன்னோடதும்மான்னேன். அப்ப நான் நடந்து வரணுமா, பெட்டிக்குள்ள வரணுமான்னு கேக்குது. எனக்குச் சிரிப்புத் தாங்கல."

ஆஸியா பீவி தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். திரையிலிருந்து சிதறிய உமி தரையில் ஓரடி அகலத்துக்குப் பரந்திருந்தது. அதை மிதிக்காமல் பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒங்க அம்மாவைக் கேளுன்னேங்க."

அன்று முழுவதும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பிரயாணக் காகிதத்தில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அதற்கு, பயணம் போகிறவர்களை அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். இப்ராஹிம் கூண்டு வண்டி பிடித்து வந்தார். ஆஸியா பீவியும் மெஹர் பானுவும் ஏறிக்கொண்டார்கள். போகும் வழியில் ஆஸியா பீவி தங்கையிடம் சொன்னாள்: "நான் இன்னைக்குச் சொல்லிடப் போறேன். மவ இல்லன்னு."

"சொன்னா ஒனக்கும் காயிதம் இல்லம்பானே, ராத்தா."

"இல்லன்னா இல்ல."

கோஷாப் பெண்கள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அது அந்த அலுவலகத்துக்கும் தெரியும். புதுச்சேரிக்கார அதிகாரி காகிதத்தோடு வெளியே வந்து, வண்டித் திரைக்கு ஒரு கை தூரத்தில், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பேரைக் கூப்பிட்டால் உள்ளேயிருந்து பதில் வர வேண்டும். பார்ப்பதற்குப் பதில் கேட்பது. இத்தனை வருடமாக அப்படியே நடந்து வந்தது.

"ஆஸியா பீவி?"

"இக்கிறேன்."

"நபீசா, மகள்?"

ஆஸியா பீவி வாயைத் திறந்தாள். அவள் மனத்தில் வார்த்தைகள் வரிசையாக இருந்தன. வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"அவ்வளவு மெதுவாச் சொன்னா எப்படிப் பாப்பா? அந்த ஊர் பள்ளிக்கூடத்துல சத்தமா சொல்லணும், தெரியுதா?" என்றார் அதிகாரி. பேனா தாளில் கீறியது. இரண்டு முறை முத்திரை விழுந்தது.

வண்டி சந்தை முனையைத் தாண்டியது.

"கடைசியில நீயே கொரலை மாத்திச் சொல்லிட்டியே" என்றாள் மெஹர் பானு. "சொல்லப் போறேன் சொல்லப் போறேன்னுட்டு."

"நான் வாயத் தொறந்தேன். சத்தம் வரல. நீதான் சொன்னேன்னு நெனச்சேன்."

மெஹர் பானு மெல்ல நகர்ந்து அக்காவோடு ஒட்டி உட்கார்ந்தாள். வண்டியின் பின்பக்க மூலையை அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே இருந்தது ஒரு வைக்கோல் திண்டு மட்டும்தான் என்று மெஹர் பானு பிற்காலத்தில் சொல்வாள். பார்க்காதது எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்று மாலையே ஆஸியா பீவி எழுத உட்கார்ந்தாள். வழக்கத்தை முதன்முதலாக மீறினாள். பிள்ளை முப்பத்தெட்டாம் நாளே மௌத்தாகிவிட்டதையும், தான் எழுதியதெல்லாம் தன் மனத்திலிருந்து எழுதியது என்பதையும், அனுப்பிய கால்கள் தன் கைமுட்டியைச் சுற்றி வரைந்தவை என்பதையும் நேராக எழுதினாள். 'என்னை வர வேண்டாம் என்றால் வரவில்லை. வரலாம் என்றால் துறைமுகத்தில் ஒருத்தியைத்தான் எதிர்பார்க்க வேண்டும்' என்று முடித்தாள். தேய்ந்த செருப்புகளைப் பற்றியோ சொக்கநாதன் பேசியதைப் பற்றியோ எழுதவில்லை. எழுதினால் மற்றதையும் அவர் நம்பமாட்டார். எழுதியது இன்னதென்று சொல்லித்தான் இப்ராஹிமிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தாள்.

ஆகாயத் தபால் போய் வர மூன்று வாரம். சாமான்கள் இங்கிருந்து தோணியில் புதுச்சேரி போய், அங்கே கப்பல் ஏற வேண்டும். தரை வழியாகப் போனால் நடுவே இந்தியச் சுங்கத்தில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். மாசி இருபதாம் தேதி தோணி. அதற்குள் பதில் வராவிட்டால் பெட்டிகளை அனுப்புவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. பதினோரு பெட்டிக்கு ஆணி அடித்து, தகடு கட்டியாகிவிட்டது. பன்னிரண்டாவதை மட்டும் மூட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

"தொறந்து கெடந்தா எலி பூந்துடுங்க" என்றார் சொக்கநாதன்.

"பூந்தா பூரட்டும்."

அந்த மூன்று வாரத்தில் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீடு முழுவதும் பெட்டிக்குள் போய்விட்டது. சுவர்களில் சாமான் இருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. பேசினால் எதிரொலித்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒளிந்து விளையாடுவதுபோல, கண்டுபிடிக்கப்படக் காத்திருப்பதுபோல வீடு இருந்தது. ஒரு நாள் மத்தியானம், பெட்டி வைத்திருந்த கூடத்தின் நடுவே நின்று ஆஸியா பீவி மெதுவாகச் சொன்னாள்: "ஒன்னை இல்லன்னு எழுதிட்டேன்."

தெருவில் உப்பு விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள்.

தோணிக்கு முதல் நாள் காலை தபால் வந்தது. இப்ராஹிம் கொண்டுவந்து, திரைக்கு வெளியே நின்றபடி கொடுத்தார். கனமான உறை. கொடுத்தவர் போகவில்லை.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். "அதுலயே எழுதியிருப்பான். படி."

காஜா மைதீன் எப்போதும்போல் ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்துவிட்டு எழுதியிருந்தார்:

'நீ எழுதிய சேதி எனக்குப் புதிதல்ல. பிள்ளை மௌத்தான அடுத்த வருடம் இங்கே வந்த இப்ராஹிம் காக்கா, மனசு கேட்காமல் என்னிடம் சொல்லிவிட்டார். நானும் உனக்கு எழுதவில்லை. தனியாக இருக்கிறவளுக்குத் துக்கத்தை எழுதக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். நீ பிள்ளையைப் பற்றி எழுதும்போது உன் கையெழுத்து நிமிர்ந்து நிற்கும். அதனால் கேட்டுக்கொண்டே இருந்தேன். செருப்பும் அதற்காகத்தான் அனுப்பினேன். முதல் மூன்று வருடம் நீ அனுப்பிய காலைப் பார்த்துக் கைமுட்டி என்று நானே தெரிந்துகொண்டு சிரித்திருக்கிறேன்.

'நான்காவது வருடம் வந்தது கைமுட்டி இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், காக்கா எதையோ தப்பாகச் சொல்லிவிட்டார், பிள்ளை இருக்கிறது என்று நம்பி இரண்டு பேருக்குக் காகிதம் எடுத்தேன். கட்டில் செய்தேன். இப்போது இல்லை என்கிறாய். கடைசியாக வந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆஸியா, இது யாருடைய கால்?'

உள்ளே இருந்த தாளை அவள் பிரித்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள்தான். அடியில் அவள் கையால் எழுதிய 'நபீசா, ஆறு வயது' இருந்தது. அவள் வரைந்த வெறும் கோட்டுக்குப் பதிலாக ஒரு முழு இடது பாதம், காப்பிப் பென்சிலால் அழுத்தி, நடுவே பென்சில் நழுவிய இடத்தில் ஒரு கோணலோடு. ஐந்து விரல்கள். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தாளில் உள்ளங்கால் பட்ட இடம் எண்ணெய் பட்டதுபோல மங்கியிருந்தது.

கடிதத் தாளைத் திருப்பினாள். கடிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

'யாராயிருந்தாலும், அவளைத் தனியாக விட்டுவிட்டு வராதே. இரண்டு சீட்டும் அப்படியே இருக்கிறது.'

இப்ராஹிம் திரைக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருந்தார். "வரச் சொல்றானா, வேணாங்கிறானா?"

"வரச் சொல்றாஹ" என்றாள் ஆஸியா பீவி. குரல் சரியாக இருந்தது. "பெரிய மச்சான், அன்னைக்கு நீங்கதானே அடக்கம் பண்ணிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"சரி."

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் சொக்கநாதன் வந்தார். பன்னிரண்டாவது பெட்டிக்கு ஆணி அடிக்கலாம் என்றாள். அடிப்பதற்கு முன், காகிதம் பிரிக்காத ஆறாவது ஜோடியை மட்டும் எடுத்துத் தரச் சொன்னாள். அவர் திரைக்கு அடியில் தள்ளினார்.

"பாப்பா கப்பல்ல போட்டுக்கவாங்க?"

"ஆமா."

"கேட்டுச்சே, நடந்து வரணுமா, பெட்டிக்குள்ள வரணுமான்னு. என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு பெட்டிகளும் ஆற்றுத்துறைக்குப் போயின. வெயில் ஏறுவதற்குள் ஆஸியா பீவியும் இப்ராஹிமும் புதுச்சேரி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். கூண்டு வண்டி வாசலில் நின்றது. சபுறு போகிறவர் இறங்கிய வீட்டை அன்றைக்குக் கூட்டக் கூடாது. ஆகவே கூடமெங்கும் உமியும் கயிற்றுத் துண்டும் கிடந்தன. மெஹர் பானு உள்ளறைகளைப் பூட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு அறையாகச் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஆஸியா பீவி முன்வாசலில் தனியாக நின்றாள். புர்க்காவுக்குள்ளிருந்து புதுச் செருப்பை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, நிலைப்படியின்மேல், தெருவைப் பார்த்தாற்போல ஜோடியாக வைத்தாள்.

"நடந்தே வா" என்றாள்.

பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு படியிறங்கி வண்டியருகில் நின்றாள். ஒரு பிள்ளை குனிந்து, வாரை மாட்டி, இடது கால் சரியாக நுழையாமல் ஒருமுறை கழற்றி மறுபடி போட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். வண்டிக்காரர் நேரமாகிறது என்று இருமினார். அவள் அசையவில்லை.

மெஹர் பானு கடைசியாகக் கதவைச் சாத்திப் பூட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து நிலைப்படியைப் பார்த்தாள்.

"எல்லாம் எடுத்தாச்சா ராத்தா? வாசல்ல எதையும் வுட்டுடலையே? காயிதம் மட்டுந்தான் கெடக்கு."

ஆஸியா பீவி அப்போதுதான் திரும்பினாள். தங்கையின் காலடியில் சைகோன் கடைக் காகிதம் காற்றில் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை.

"எல்லாம் எடுத்தாச்சு" என்றாள்.

வண்டியில் ஏறியவள் வழக்கம்போல் நடுவில் உட்காரவில்லை. ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டாள்.